அறுபத்திரண்டாவது பொன்னாடை

பென்னலூர் தேவராஜன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். மனைவியின் பிரசவத்தின்போது ஒரு யூனிட் ரத்தத்துக்காகக் காஞ்சிபுரம் முழுக்க நாயாக அலைந்தவர். அந்த ஆத்திரம் எட்டு வருடமாகியும் அடங்கவில்லை. இந்த ஆண்டு சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு, ரத்ததானம் செய்யச் சொல்லிக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சைக்கிள் மிதித்தார்.

நின்ற ஊரிலெல்லாம் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "ரத்தம் குடுக்க வர்றீங்களா?" என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். தூக்கி எறிந்தால் மரியாதை இல்லை என்று அத்தனை பொன்னாடையையும் கேரியரில் கட்டிக்கொண்டு மேடு ஏறினார்.

"துணிக்கடையே வைக்கலாம் போல கீது. ஒரு பாட்டில் ரத்தம் சேரல!" என்று போனில் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

ரயிலில் திரும்பி வந்த அன்று கம்பெனி வாசலில் வரவேற்பு. அவர் கேட்டிருந்தபடி ரத்தவங்கி வேனும் வந்திருந்தது. ஷிப்ட் முடிந்த நூறு பேர் போட்டோவுக்கு முட்டி மோதினார்கள். வேனில் நர்ஸ் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தேவராஜன் தானே ஏறிக் கையை நீட்டினார். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார்.

"உங்க உடம்புலயே ரத்தம் கம்மியா இருக்கு சார். நல்லா சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க."

கீழே இறங்கியதும் சூப்பர்வைசர் இனியவன் அறுபத்திரண்டாவது பொன்னாடையைப் போர்த்தினான்.

"இன்னாபா இது! போர்த்தறதுக்கு ரெண்டு கையும் தூக்குற. அதுல ஒண்ண அந்த வேன்ல போய் நீட்டுனா இன்னா?" என்று கத்தினார் தேவராஜன்.

இனியவன் ஜரிகை தெரியும்படி பொன்னாடையை இழுத்துவிட்டான்.

"கொஞ்சம் கேமராவப் பாருங்கண்ணா."