எண்பத்தெட்டாம் நாள்

சுகிர்தம் 1997இல் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு முன்சீப் கோர்ட்டில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். தினமும் ராயப்பன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். மனுக்களை வாங்கிச் சரிபார்த்து, எண் கொடுத்து, நீதிபதியிடம் அனுப்பும் மேசை அவருடையது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த மேசைக்கு இல்லை. ஆனால் அதைத் தாண்டாமல் எந்தக் காகிதமும் உள்ளே போகாது.

தடையுத்தரவு கேட்டு யார் வந்தாலும் முதலில் கேவியட் பதிவேட்டைத் திறப்பார். தன்னைக் கேட்காமல் தனக்கு எதிராக உத்தரவு போடக்கூடாது என்று முன்கூட்டியே மனுக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஒரு மனுவுக்குத் தொண்ணூறு நாள் உயிர். சுகிர்தத்தின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கும்.

"அக்கா ரேகை பாக்குது. அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துருவோம்" என்பார் பொன்னுராஜ். அவர் ஒரு பெரிய வக்கீலின் குமாஸ்தா.

2004 செப்டம்பர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், அதே பொன்னுராஜ் அவசர மனுவோடு வந்தார். சின்னமனூர் அன்னத்தாயின் திராட்சைத் தோட்டத்துக்கு அவருடைய கொழுந்தன் உரிமை கேட்டிருந்தார். வழக்கு முடியும்வரை அன்னத்தாய் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாதாம். பழம் பந்தலில் கனிந்து தொங்கியது. மறுநாள் காலை அறுவடை. தடை விழுந்தால் அத்தனையும் அங்கேயே அழுகிவிடும்.

விரல் ஓரிடத்தில் நின்றது. "அன்னத்தாய் கேவியட் போட்டிருக்காகளே. ஜூன் ஏழு."

"அது முடிஞ்சுபோச்சுக்கா. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூணு மாசம் கழியட்டும்னுதான காத்துக் கெடந்தோம்."

"மாசக் கணக்கு இங்கன செல்லாது தம்பி." சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து எண்ணினார். "இன்னைக்கு எம்பத்தெட்டு."

"ரெண்டு நாளுக்கா இம்புட்டு?"

"ரெண்டு நாள் இருக்குல்ல?"

அலுவலகத் தலைமை எழுத்தர் சுயம்புலிங்கம் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஐயா பெஞ்ச விட்டு எந்திரிக்கப் போறாக. சட்டுன்னு அனுப்பு."

"குறிப்பு எழுதி அனுப்புறேன் சார்."

"குறிப்பு இல்லாமப் போனா என்னக்கா?" பொன்னுராஜின் குரல் இறங்கியது.

"போகாது."

சிவப்பு மையில் எழுதினார்: 'கேவியட் நடப்பில் உள்ளது. 88ஆம் நாள்.' கீழே கையெழுத்திட்டார்.

நீதிபதி அதை வாசித்தார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் உத்தரவு கிடையாது என்று செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை பழம் லாரி ஏறியது. செவ்வாயன்று அன்னத்தாய் பத்திரமும் பட்டாவும் கொண்டுவந்தார். கொழுந்தன் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. மனு தள்ளுபடி.

அன்னத்தாய் நேராகச் சுகிர்தத்தின் மேசைக்கு வந்து ஒரு பை திராட்சையை வைத்தார். "ஆத்தா, ஒங்க வெரலு நிக்கலேன்னா இது குப்பைக்குப் போயிருக்கும்."

"சந்தோசம்மா. ஆனா இங்கன வாங்கக் கூடாது. வெளிய கொண்டுபோங்க."

அன்னத்தாய் வராந்தாவில் நின்றவர்களுக்கெல்லாம் பங்கிட்டார். பொன்னுராஜுக்கும் ஒரு கொத்துக் கிடைத்தது. மறுக்காமல் தின்றார்.

2010இல் சுகிர்தம் அதே அலுவலகத்தின் தலைமை எழுத்தர். ஒருநாள் பொன்னுராஜ் ஒரு தடை மனுவை நீட்டினார். அதோடு பேனாவால் நாள் நாளாக எண் போட்ட ஒரு காலண்டரும் இருந்தது.

"எண்ணிட்டுத்தான்க்கா வந்தேன். தொண்ணூத்தி மூணு."

"உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, சுகிர்தம் பதிவேட்டைத் திறந்தார்.

பொன்னுராஜ் அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை.