முந்தி ஓடிய கடிகாரம்

பொழுதுபோக்குக்காக வாங்கிய நொடி பிசகாத பழைய ரூபிடியம் அணுக்கடிகாரத்தை நல்லம்பள்ளி வீட்டில் இன்று ஓடவிட்டேன். அதில் இணைத்திருந்த பஸர் நொடிக்கொருமுறை 'பீப்' என்று ஒலித்ததும், சிறுவயதில் இருந்த மொரப்பூர் வீட்டு ரேடியோ நினைவுக்கு வந்துவிட்டது.

காலைச் செய்திக்கு முன் வரும் 'பீப்' ஒலியை வைத்து, தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் அப்பா சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்வார். அந்த ஒலி கேட்காமல் போய்விடும் என்று, அது முடியும்வரை அம்மா தாளிக்கக்கூடக் கூடாது. ஆனாலும் மறுநாள் கடிகாரம் முந்தியே இருக்கும். ஒருநாள் பழுதுபார்க்கக் கொடுத்துவிடலாம் என்று அப்பா அதைக் கழற்றினார். அம்மா தடுத்தாள்.

"கடியாரம் நல்லாத்தாங்க இருக்குது. நாந்தான் முள்ள முன்னால தள்ளி வெக்கறேன். நீங்க ஓடிப்போயி ரயிலேறறத நெனச்சாலே எனக்குப் பயமா இருக்குதுங்க."

அப்பா கடிகாரத்தை மறுபடி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் பீப் ஒலித்தது. கடிகாரம் முந்தியிருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்து, "நேரமாயிருச்சு, வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு நிதானமாக நடந்தார்.