புதன்கிழமை வந்த கூட்டம்

எங்கள் ஓக்லஹோமா ஊரில் ரிபப்ளிகன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காலத்தில் ஆளே கிடையாது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகூட டெமாக்ரட்தான். அந்த ஊரில் இருபது வருஷம் ரிபப்ளிகன் வட்டத் தலைவியாக இருந்தாள் லவான் ஸ்ட்ரிக்லின், தீவனக் கடைக்காரர் மனைவி. வட்டக் கூட்டம் அவள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். அவளைத் தவிர மூன்று பேர் வருவோம். நான் போவது அவள் சுடும் பீக்கன் பை என்ற கொட்டைப் பலகாரத்துக்காகத்தான் என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை.

வரி குறையணும், வாஷிங்டன்காரன் நம் வேலியைத் தாண்டி வரக்கூடாது. லவானின் அரசியல் அவ்வளவுதான். அந்தப் பதவியில் சம்பளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அவளுக்கு அது உயிர். வீடு வீடாகப் போய், "ஒரு தடவ வந்து உக்காந்துட்டுத்தான் போங்களேன்" என்று கெஞ்சுவாள். பெற்ற மகள் சார்லீனே, "போம்மா, உனக்கு வேற வேலையில்ல" என்பாள்.

எண்பதுகளில் காற்று மாறியது. சார்லீன் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தாள். அங்கே போதகர் பிரதர் வெண்டல் கருக்கலைப்பைப் பற்றியும் பள்ளிக்கூட ஜெபத்தைப் பற்றியும் பேசிப் பேசி, கடைசியில் கட்சியையே நம் கையில் எடுக்கணும் என்றார். லவானிடமும் வந்து ஆதரவு கேட்டார்கள்.

"அது பொம்பளைக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். கட்சி எதுக்கு மூக்க நுழைக்கணும்?" என்றுவிட்டாள். அன்றே அவள் பதவிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சபைக்காரர்கள் உள்ளே வராமலிருக்க மாவட்டக் கட்சிப் பெரியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்த வருஷக் கூட்டத்தைப் புதன்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். புதன் சாயங்காலம் ஜெபக் கூட்டத்தை விட்டு எந்த பாப்டிஸ்ட்காரன் நகருவான்? அடேயப்பா, என்ன மூளை! ஊரெல்லாம் சிதறிக் கிடந்தவர்களை இவர்களே ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரதர் வெண்டல் ஒரே பாட்டோடு ஜெபத்தை முடித்து, எல்லோரையும் சபை பஸ்ஸில் ஏற்றி லவான் வீட்டு வாசலில் இறக்கினார்.

கூடம் பிதுங்கியது. லவான் கொஞ்சம் திகைத்து நின்றாள். பிறகு எதிரே இருந்த தன் மெதடிஸ்ட் சபையிலிருந்து மடக்கு நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தாள்.

"நின்னா நிக்கட்டுமே, லவான். உன்னக் கவுக்க வந்தவங்களுக்கு நாற்காலி ஒரு கேடா?" என்றேன்.

"எழுந்து நின்னுதானே ஓட்டுப் போடணும், ஹாய்ட்? உக்காந்தாத்தானே எழுந்திரிக்க முடியும். பேசாம அந்தப் பக்கம் புடி."

லவானுக்கு எத்தனை பேர் என்று கேட்டபோது நாங்கள் மூன்று பேர் எழுந்தோம். அவள் காப்பிக் கெண்டியோடு ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். சபை நிறுத்திய மருந்துக் கடைக்காரருக்கு எத்தனை பேர் என்றதும் கூடமே எழுந்தது. சார்லீன் மட்டும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவளும் எழுந்தாள்.

லவான் சமையலறைக்குப் போய்விட்டாள். நாலு பேருக்குச் சுட்ட பீக்கன் பையை அத்தனை பேருக்கும் வரும்படி மெல்லிசாக வெட்டிக்கொண்டிருந்தாள். சார்லீன் பின்னாலேயே போய் நின்றாள்.

"அம்மா... கோவமா?"

"இல்லாம இருக்குமா?" என்றாள் லவான், கத்தியை நிறுத்தாமல். "இருபது வருஷமா வா, வான்னு கூப்பிட்டேன். இன்னிக்குத்தான் வந்திருக்க. தட்ட எடு."