பதின்மூன்று டொலர் சிவப்பு வைன்

பல மாதங்கள் தேடி, பதின்மூன்று டொலருக்கு வாய்க்குப் பிடித்த சிவப்பு வைன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். புளிப்பில்லை, மறுநாள் தலையிடியும் இல்லை. இன்று வேலை முடிந்து வரும் வழியில், கோட்-டெ-நெய்ஜ் மதுக்கடையில் ஒரு போத்தல் எடுத்தேன்.

காசு கட்டும் வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் கோயில் நிர்வாகசபை அண்ணை நின்றார். கூடையில் இரண்டு பெரிய விஸ்கிப் போத்தல்கள்.

“என்ன தங்கச்சி, வேலையிடத்தில ஆருக்கும் குடுக்கவோ?”

“இல்லை அண்ணை, எனக்குத்தான். இரவுச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பன்.”

அண்ணை சட்டைப்பையிலிருந்து போனை வெளியே எடுத்தார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்க முதலே அம்மா போன் எடுத்தா.

“நீ குடிக்கிறியாம். உண்மையோ?”

“ஓம். அவற்ற கூடைக்குள்ள என்ன கிடந்ததெண்டும் சொன்னவரோ?”

“அவர் ஆம்பிளை. நாளைக்குக் கோயிலில நான் எந்த முகத்தோட நிக்கிறது?”

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அம்மா இருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டுவது நான்.

போத்தல் இன்னும் மேசையில் திறக்காமல் இருக்கிறது.

வைனின் பெயர் வேண்டியவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே கேளுங்கள். அண்ணை, இதையும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். அம்மாவிடம் சொல்லும்போது விலையையும் மறக்காமல் சொல்லுங்கள். மலிவாக வாங்கினேன் என்றாவது அவவின் மனம் ஆறட்டும்.