அக்காவுக்கு மட்டும் விலக்கு

என் பெரியம்மாவின் மகள் என்னைவிட நான்கே மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். லண்டனில், ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி அவர்கள் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைதான். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவளுக்கு இடுப்புவரை முடி. எனக்குக் காதுவரை. அவளுடைய எழுத்தை ஆசிரியை சுவரில் ஒட்டுவார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த அந்தத் தடுப்புமருந்து நாளைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் குளிர் தொடங்கும்போது தாதிமார் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். மண்டபத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஃபுளூ வராமலிருக்க மூக்குக்குள் மருந்து பீச்சுவார்கள். ஒரு நொடி வேலை. இருந்தும் தொண்டைக்குள் ஏதோ இறங்குவது போலிருக்கும், கண்ணில் நீர் வரும், பின்னால் நிற்கும் பையன்கள் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் அக்கா நூலகத்தில் இருப்பாள். அங்கே பெரிய மெத்தைப் பைகளில் சாய்ந்து படம் பார்த்துப் பார்த்துப் புத்தகம் புரட்டலாம். பெரியம்மா படிவத்தில் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடிட்டு, காரணம் கேட்ட இடத்தில் 'சமயம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது என்பதால் வகுப்பில் வேறு சில பிள்ளைகளும் நூலகத்துக்குப் போனார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் சமயம் வேறு. அக்காவும் நானும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே காரில், ஒரே விம்பிள்டன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஒரே திருநீறு பூசுகிறவர்கள். அப்படியிருக்க, கடவுள் அவளுக்கு மட்டும் எப்படி விடுமுறை கொடுத்தார்?

அம்மா மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது, பொரித்த துண்டு ஒன்றைத் தின்றபடி இதைக் கேட்டேன்.

"நாங்களும் சைவம்தானே அம்மா? எனக்கும் வேண்டாம் எண்டு எழுதித் தாங்கோ."

"கையிலை மீன் துண்டை வைச்சுக்கொண்டு கேக்கிற கேள்வியைப் பார்," என்றார் அம்மா. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, "பெரியம்மான்ரை விசயம் வேறை. நீ அதுக்குள்ளை போகாதை," என்றார்.

வேறு என்றால் என்ன வேறு என்று அம்மா சொல்லவில்லை. ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த ஆண்டுப் படிவம் வந்தபோது அதை அம்மாவிடம் கொடுக்காமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே நிரப்பினேன். வேண்டாம். காரணம்: சமயம். கீழே அம்மாவின் கையெழுத்து. அதைப் போடப் பழைய பிறந்தநாள் அட்டை ஒன்றை வைத்து இரண்டு நாள் பழகியிருந்தேன். கையெழுத்து அழகாகவே வந்தது. ஆனால் 'ரிலிஜன்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.

பள்ளி அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி போயிற்று. சூப்பர்மார்க்கெட் ஷிப்டைப் பாதியில் விட்டு, சட்டையில் பெயர்ப்பட்டியோடு வந்தார். என்னைத் திட்டவில்லை. தாதியிடம் மன்னிப்புக் கேட்டு, புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மண்டப வாசலில் நின்று நான் மூக்கை நீட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா புத்தகங்களோடு நடந்து போனாள். எனக்குக் கையசைத்தாள். அன்பாகத்தான் அசைத்திருப்பாள். அந்தக் கையைப் பிடித்துத் திருகவேண்டும் போலிருந்தது எனக்கு.

அந்த வசந்தத்தில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மீசில்ஸ் என்ற தட்டம்மை வந்தது. எங்கள் வீட்டில் அதைச் சின்னமுத்து என்பார்கள். எனக்குக் குழந்தையாக இருக்கும்போதே அதற்கான ஊசி போட்டாயிற்று. அக்காவுக்கு எந்த ஊசியும் போட்டதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. அவள் இருபத்தொரு நாள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று கடிதம் வந்தது.

இருபத்தொரு நாள்! அவள் நூலகத்தில் இருந்த ஒரு மணி நேரத்தையே பொறுக்காதவள் நான். அவளுக்கான வீட்டுப்பாடத்தைத் தினமும் கதவின் கடிதத் துளை வழியாகப் போடுவது என் பொறுப்பு ஆயிற்று. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்கும். ஒருநாள் அவள் துளைக்கு அந்தப் பக்கம் குனிந்து, வகுப்பில் என்ன நடந்தது, தன் இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். நான் வீட்டுப்பாடத்தைத் துளைக்குள் தள்ளினேன்.

"உனக்கு ஒரு காய்ச்சல் வருத்தமும் இல்லை. சும்மா லீவு. உண்மையா வந்தால்தான் நியாயம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நான்கு நாள் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் தடித்தது. பிறகு சளி நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு முட்ட, ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிப் போனது. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். என் வாயால்தான் வந்தது என்று பயந்தேன். அதே நேரத்தில், வெட்கத்தோடுதான் சொல்கிறேன், நீல விளக்குச் சுழலும் வண்டியில் அவள் போகிறாளே என்றும் இருந்தது.

அக்கா பிழைத்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடது காது இன்றுவரை சற்று மந்தம். பேசும்போது நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் அவளுடைய வலப்பக்கமாகவே போய் நிற்கிறோம்.

மூன்றாம் நாள் அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அக்காவின் அறைக்குள் என்னை விடவில்லை. நடைக்கூடத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வெளியே வந்தார். எப்போதும் படிய வாரியிருக்கும் பெரியம்மாவின் தலை அன்று கலைந்திருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கும் இப்பிடித்தான் உடம்பு சுட்டது, தங்கச்சி. இந்தக் கைக்குள்ளைதான் கிடந்தவன்."

"அக்கா, அவனுக்குப் பிறக்கேக்கையே இதயத்திலை குறை. ஊசியாலை இல்லை எண்டு டொக்டர்மார் எத்தினை தரம் சொன்னவை."

"எனக்குத் தெரியும். படிவத்தைக் கண்டால் என்ரை கை ஏலாது எண்டுது. பிள்ளையை இழந்தவள் எண்டு அந்தக் கட்டத்துக்குள்ளை எப்பிடி எழுதிறது? சமயம் எண்டு எழுதினால் ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம்."

இரண்டாம் மாத ஊசி போட்டு மூன்றாம் நாள் இறந்துபோன, பெரியம்மாவின் முதல் ஆண் குழந்தையைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். அக்கா பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அடுத்த படிவத்தில் பெரியம்மா கையெழுத்துப் போட்டார் என்பதும், விடுபட்ட ஊசிகளையெல்லாம் அக்காவுக்கு ஒவ்வொன்றாகப் போடுவித்தார் என்பதும், அப்போதெல்லாம் அம்மாவைத் துணைக்குக் கூட்டிப்போனார் என்பதும் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது.

அன்று நடைக்கூடத்தில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். அம்மா என் பக்கம் திரும்பி, அக்காவுக்குச் சுகமாகிவிடும், பயப்படாதே என்றார்.

"அவளுக்கு ஒரு அண்ணாவும் இருந்தவரோ?" என்று கேட்டேன். "எனக்கு மட்டும் ஏன் அம்மா ஒருத்தரும் இல்லை?"