கும்பத்தடியில் வைத்த கொம்பியூட்டர்

பிள்ளைகள் இருவருக்கும்,

அம்மாவின் குரல் இருந்த கொம்பியூட்டர் தானாகப் பழுதாகிப் போனது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். என் கையால்தான் போனது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அம்மா மருந்துக்காகக் கொழும்பில் நாட்கணக்கில் தங்க வேண்டி வந்தபோது, சின்னவளின் சொல்வதெழுதல் நின்றுவிடக் கூடாது என்று, பாடங்களை வாசித்துக் கொம்பியூட்டரில் பதிந்து வைத்தார். குசினிக்குப் பக்கத்தில் இருந்து வாசித்ததால் பின்னால் சட்டிச் சத்தமும் துறைமுகத்தில் கப்பல் ஊதுவதும் கேட்கும். அவர் எங்களை விட்டுப் போன பிறகும், சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்து அதைப் போட்டுத்தான் எழுதுவாள். நான் சோற்றுப் பானையைக் கிளறாமல் நின்று கேட்பேன்.

அந்தக் கொம்பியூட்டரில் முதலில் விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. பெரியவள் கம்பஸ் படிப்புக்காக அதற்குள்ளேயே லினக்ஸையும் போட்டாள். கரண்டைப் போட்டவுடன் எது வேண்டும் என்று திரை கேட்கும். அம்மாவின் பதிவுகளை இரண்டு பக்கத்தாலும் திறக்கலாம். ஆகவே இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

அம்மாவின் ஆட்டைத் திவசம், ஒரு வருடத் திதி, முடிந்து வந்த முதல் நவராத்திரி அது. அம்மா என்றால் கொம்பியூட்டரைத் துடைத்து, இருந்த இடத்திலேயே சந்தனப் பொட்டு வைப்பார். நானோ ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று, வயரைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய், உங்கள் புத்தகங்களோடு கும்பத்தடியில் வைத்தேன். பூசையில் வைத்ததைத் தொடக் கூடாது அல்லவா? முடியும்வரை தொடவேயில்லை.

விஜயதசமியன்று காலை புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசித்த சின்னவள், அம்மாவின் பாடத்தைப் போடச் சொன்னாள். விண்டோஸ் பாதியில் நீலத் திரையாகி நின்றது. எத்தனை தரம் போட்டாலும் அதே நீலம். லினக்ஸ் மட்டும் ஒன்றும் நடக்காதது போல எழும்பியது. அதன் மூலையில் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது. அம்மா சுகமாக இருந்த வருடம். அதையே பார்த்துக்கொண்டு இருந்தேனே தவிர, ஏன் அப்படிக் காட்டுகிறது என்று யோசிக்கவில்லை.

சின்னவளுக்குப் பழகியது விண்டோஸ்தான் என்பதால், திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"விண்டோஸ் அடிபட்டுப் போச்சு அண்ணை. அந்தப் பக்கத்தை அழிச்சுப் புதுசாப் போடவேணும். முக்கியமான சாமான் ஏதும் கிடக்கோ?"

நான் லினக்ஸைத் திறந்து அம்மாவின் பதிவைப் போட்டேன். "இரண்டாவது வசனம்" என்று அம்மாவின் குரல் கடைக்குள் வாசித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆரிது, ரீச்சரோ? எனக்கும் எழுதோணும் போல கிடக்கு," என்று பகிடி விட்டார்.

"இல்லை, என்ர மனிசி," என்றேன். கடைக்காரரிடம், "முக்கியமானது இஞ்சால பத்திரமாக் கிடக்கு. மற்றப் பக்கத்தை அழியுங்கோ," என்றேன்.

அவர் வேறொரு பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வடிவாத் தெரியுமோ அண்ணை? பிறகு என்னைப் பேசப்படாது."

"ஓம் ஓம், தெரியும்."

புது விண்டோஸ் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து லினக்ஸைத் திறந்தேன். பதிவு இல்லை. அது பிரதி வைத்திருக்கவில்லை. விண்டோஸ் பக்கத்தில் கிடந்ததைத் தன் பக்கத்தால் எடுத்துக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் பெரியவள் போன் எடுத்தாள். "அப்பா, அம்மான்ர பதிவு கிடக்குத்தானே?"

"டிஸ்க் பழுதாப் போச்சு பிள்ளை. ஒண்டும் செய்யேலாது."

"சரியப்பா. நீங்க சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

போன மாரியில், துறைமுகத்தில் நான் லொறி நிறுக்கிற கொட்டிலின் கொம்பியூட்டரும் அதேபோல நீலமாகி நின்றது. சில நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது அது. திருத்த வந்தவர் உள்ளேயிருந்து காசளவு பற்றரி ஒன்றைக் கழற்றிப் புதிது போட்டார். பிறகு செற்றிங் பக்கத்தைத் திறந்து, 'சாட்டா மோட்' என்ற ஒரே ஒரு வரியை மாற்றினார். விண்டோஸ் எழும்பிவிட்டது.

"அப்ப டிஸ்க் பழுதில்லையோ தம்பி?"

"டிஸ்க்குக்கு ஒண்டுமில்லை அண்ணை. பற்றரி செத்து, கரண்டும் இல்லாமல் கிடந்தால் செற்றிங் எல்லாம் மறந்திடும். முந்தி டிஸ்க்கோட கதைச்ச விதம் வேற, இப்ப கதைக்கிற விதம் வேற. அதுதான் விண்டோஸ் முழிக்குது. திகதி பின்னுக்குப் போனாலே விளங்கும்."

"லினக்ஸ் இருந்தால்?"

"அது எப்பிடிக் கதைச்சாலும் எழும்பும்."

வெளியே வந்து நின்றேன். லொறிக்காரர் ஹோன் அடித்துக் கூப்பிடும்வரை நின்றேன். பூசைக்கென்று நான் கழற்றிய வயர். ஒரு வரியை மாற்றியிருந்தால் போதும். ஒரு வரி.

இப்போது மிஞ்சியிருப்பது சின்னவளின் சொல்வதெழுதல் கொப்பி. அதில் ஓரிடத்தில், குருவியின் கூட்டைப் பற்றிய வசனத்துக்கு அடியில், "பொறு பால் பொங்குது" என்று எழுதியிருக்கிறாள். பதியும்போது அம்மா அப்படிச் சொல்லிவிட்டு எழும்பி ஓடியதை, அதுவும் பாடம் என்று நினைத்து எழுதிவிட்டாள். கொழும்பால் வந்து திருத்தும்போது அம்மா அதற்கும் சரி போட்டிருக்கிறார். மற்ற வசனங்கள் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அம்மா தானாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

கொப்பி அலுமாரியில், மேல்தட்டில் கிடக்கிறது. வருகிற நவராத்திரிக்கு அதைக் கும்பத்தடியில் வைப்பதா, அங்கேயே விடுவதா என்று நீங்கள் இருவரும் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் நான் எடுக்கமாட்டேன்.