காலிப் பெட்டிக்கும் கூலி உண்டு

தீபாவளி நெருக்கத்தில் தாவாவ் கடைக்காரர் ஒருவர் போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். போர்ட் கிள்ளானில் சரக்கை ஊர் ஊராக அனுப்பிவைக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் ரேட் சொல்வது அப்போது என் வேலை. கப்பலில் வந்திறங்கும் உளுந்தும் மசாலாவும் பக்கத்து பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு லோரியிலேயே போய்விடும். கடல் தாண்டிச் சபாவில் இருக்கும் தாவாவுக்கோ மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் விலையை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"தூரத்துக்குக் கட்டுறேன் மேடம், அது நியாயம். திரும்பிப் போற காலி கன்டெய்னர் பெட்டிக்கு நான் எதுக்குக் கட்டணும்?"

"அங்கேருந்து ஏத்துறதுக்குச் சரக்கு இல்லையே அண்ணே. காலியா வந்தாலும் கப்பல்ல எடம் புடிக்குதுலா. யாரு தலையிலயாச்சும் விழுந்துதானே ஆகணும்."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றச் சொன்னார். அவர் கடை உளுந்து விலையில் கன்டெய்னர் வீடு திரும்பும் செலவும் சேர்ந்திருக்கும். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

என் தங்கை மலரும் அந்த ஊரில்தான் உளுந்து வாங்கினாள். அவள் கணவர் அங்கே ஆசிரியர். கல்யாணமான கையோடு போனவள். ட்ரான்ஸ்பர் கிடைத்ததும் வந்துவிடுவோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள், நானும் ஒவ்வொரு வருடமும் நம்புவேன். தீபாவளிக்கு யாராவது அந்தப் பக்கம் போனால், அம்மாவின் எவர்சில்வர் தூக்கில் அதிரசம் கொடுத்தனுப்புவேன்.

நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் ஏது? தூக்கு வரும்போது உள்ளே கருவாடு இருக்கும், கொக்கோ இருக்கும், எதுவும் தோதுப்படாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். கருவாட்டு வாடையோடு இரண்டு நாள் அதைக் கழுவாமல் வைத்திருப்பேன். அவள் கை பட்டது என்று ஒரு பைத்தியம்.

நான் ரிட்டையர் ஆன வருடம் அவர்களுக்குக் கிள்ளானுக்கே மாற்றல் வந்தது. மாடி அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கிப் போட்டேன். தீபாவளிக்கு அனுப்பிய தூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. நானே போன் செய்தேன்.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளைகளின் கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் என்றாள்.

"எனக்கும் இதான் ஊருன்னு ஆயிருச்சுக்கா. தூக்க இந்தத் தடவ அனுப்பல. நீ வந்து எடுத்துக்க."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அப்புறம் அழுதேன். மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

இப்போது ஆபீசில் என் பழைய நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: போகிற சரக்கை மட்டும் பார்த்து ரேட் சொல்லாதீர்கள். திரும்பும்போது என்ன ஏறும் என்று முதலில் கேளுங்கள்.

தாவாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போகும்போது பெட்டி நிறைய அதிரசமும் உளுந்தும். திரும்பும்போது தூக்கை அவள் நிரப்பித்தான் கொடுப்பாள். காலியாக வரப்போவது நான்தான். அந்தக் கூலியை யார் தலையில் கட்டுவது?